லிஞ்சிங் புகைப்படத்தைக் கூட்டத்தில் திரையில் போடலாமா? யோசனை சொல்லுங்கள்

1. தட்டச்சுக்காரி
ஞாயிறு, இரவு 9.40

எல்லாருக்கும் வணக்கம். ஈரோட்டுக்குப் பக்கத்தில் எங்கள் வாசிப்பு வட்டம் மாதத்தில் ஒரு ஞாயிறு கூடும். ட்யூஷன் சென்டர் மொட்டை மாடிக் கொட்டகை, பிளாஸ்டிக் நாற்காலிகள், பச்சையை மட்டும் ஒரு பிடி தூக்கலாகக் காட்டும் பழைய புரொஜெக்டர். பத்தொன்பது இருபது பேர் வருவோம். அதில் ப்ளஸ் டூ படிக்கிற ரெண்டு பேர் உண்டு. ஓய்வுபெற்ற ஹெட் நர்ஸ் அம்மா ஒருத்தர் உண்டு (பாதிக் கேள்வி அவரிடமிருந்துதான் வரும்).

அடுத்த கூட்டம் என் பொறுப்பு. அமெரிக்காவில் கறுப்பின மக்கள் மீது நடந்த லிஞ்சிங் கொலைகளையும் (கோர்ட் தீர்ப்பு எதுவும் இல்லாமல் ஊரே கூடி ஒருவரைக் கொல்வது) போலீஸ் வன்முறையையும் ஆய்வாளர்களும் ஓவியர்களும் பாடகர்களும் எப்படிக் கையில் எடுத்தார்கள் என்று பேசப்போகிறேன். குறிப்பெல்லாம் எடுத்தாயிற்று. ஒரே ஒரு ஸ்லைடில் வந்து நிற்கிறேன்.

1930 ஆகஸ்ட் 7, இந்தியானா மாநிலம், மரியன் என்ற ஊர். தாமஸ் ஷிப், ஏப்ரம் ஸ்மித் என்ற இரண்டு கறுப்பின இளைஞர்களைச் சிறையிலிருந்து இழுத்துவந்து, கோர்ட் வளாகத்து மரத்தில் தொங்கவிட்டார்கள். உள்ளூர் ஸ்டூடியோக்காரர் லாரன்ஸ் பைட்லர் வந்து படம் எடுத்தார். ராத்திரி, ஃப்ளாஷ் வெளிச்சம். மேலே இரண்டு உடல்கள். கீழே ஊர் ஜனம், தேர் பார்க்க வந்த மாதிரி. பச்சை குத்திய கையை நீட்டி உடல்களைச் சுட்டிக் காட்டியபடி ஒருவர் கேமராவை முறைக்கிறார். அந்தப் படத்தை பைட்லர் ஆயிரக்கணக்கில் பிரிண்ட் போட்டு விற்றார்.

இதைத் திரையில் ஆறடி அகலத்துக்குப் போடலாமா? ரெண்டு வாரமாக மனசு ஒப்பவில்லை. போடாமல் விட்டால் மூடி மறைக்கிற மாதிரியும் இருக்கிறது.


2. ரெண்டாம்_பெஞ்சு
ஞாயிறு, இரவு 10.05

போடுங்க. பார்த்தாத்தான் உறைக்கும். வாயால சொன்னா "ஐயோ பாவம்"னு சொல்லிட்டு டீ குடிக்கப் போயிடுவாங்க.

ஆனா ஒரு சந்தேகம். லிஞ்சிங்னா கும்பல் பண்றது. போலீஸ் சுடறது அரசாங்கம் பண்றது. ரெண்டையும் ஒரே சட்டியில போட்டு ஏன் கிளறணும்?


3. ஒற்றுப்பிழை
ஞாயிறு, இரவு 10.12

"கறுப்பின" என்று வல்லின றகரம் போட்டதற்கு நன்றி. இந்தத் தளத்தில் அதைச் சரியாக எழுதுகிறவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம்.


4. ரெண்டாம்_பெஞ்சு
ஞாயிறு, இரவு 10.14

வந்துட்டாருய்யா. ரெண்டுமே சரின்னு அகராதியிலயே இருக்கு சார்.


5. வாய்தா
ஞாயிறு, இரவு 11.30

பெஞ்சு கேட்டது நியாயமான கேள்விதான். ஆனால் மரியன் சம்பவத்தையே எடுங்கள். அந்தப் பையன்கள் எங்கே இருந்தார்கள்? மாவட்டச் சிறையில், ஷெரிஃப் பொறுப்பில். கும்பல் சம்மட்டி கொண்டு சுவரையும் கதவையும் உடைத்து உள்ளே போனது. சம்மட்டியால் சிறையை உடைக்க எவ்வளவு நேரம் ஆகும், எவ்வளவு சத்தம் கேட்கும் என்று யோசியுங்கள். மரம் நின்றது கோர்ட் வாசலில். கூட்டத்தில் இருந்தவர்களின் முகங்கள் பளிச்சென்று படத்தில் இருக்கின்றன, படமோ ஊரெல்லாம் விற்பனையில். அப்படியும் ஒருவருக்குக்கூடத் தண்டனை கிடையாது.

தெற்கு மாநிலங்களில் இன்னும் பச்சையாக நடந்தது. 1899 ஏப்ரலில் ஜார்ஜியாவின் நியூனன் பக்கம் சாம் ஹோஸ் என்ற தொழிலாளியை எரித்துக் கொன்றபோது, வேடிக்கை பார்க்க அட்லாண்டாவிலிருந்து ஸ்பெஷல் ரயில் விட்டார்கள். ரயில் விடுவது கும்பலின் வேலையா? நாள், இடம் எல்லாம் முன்கூட்டியே பேப்பரில் வந்த கொலைகளும் உண்டு.

பிறகு சட்டம். லிஞ்சிங்கை மத்திய அரசுக் குற்றமாக்க டயர் மசோதா 1922-இல் கீழவையில் நிறைவேறியது. செனட்டில் தென்மாநில உறுப்பினர்கள் பேசிப் பேசியே நேரத்தைக் கடத்தி அதைக் கொன்றார்கள். ஒரு நூற்றாண்டில் இருநூறு தடவைக்கு மேல் இந்த மாதிரி மசோதாக்கள் வந்து போயின. செனட் மன்னிப்புக் கேட்டது 2005-இல். 1955-இல் கொல்லப்பட்ட எம்மெட் டில் என்ற சிறுவனின் பெயரில், லிஞ்சிங்கைக் குற்றமாக்கும் சட்டம் கையெழுத்தானது 2022 மார்ச்சில். அரசு செய்வது மட்டுமல்ல, அரசு கையைக் கட்டிக்கொண்டு நிற்பதும் அரசின் செயல்தான். இது என் அரசியல் கருத்து இல்லை. வழக்குக் கட்டைப் புரட்டினால் தெரிகிற விஷயம்.

படம் போடலாமா என்பதற்கு நாளை வருகிறேன். காலையில் கோர்ட்.


6. ஒற்றுப்பிழை
திங்கள், காலை 6.20

வாய்தா சொன்னதை ஒட்டி, மொழி பற்றி ஒன்று. கோபித்துக்கொள்ளாதீர்கள்.

அந்தக் காலத்தில் மரண விசாரணை அதிகாரிகள் இத்தகைய கொலைகளுக்கு எழுதிய வழக்கமான தீர்ப்பு, "அடையாளம் தெரியாத நபர்களின் கைகளால் மரணம்" என்பது. நடுச்சந்தியில் ஆயிரம் பேர் பார்க்க நடந்த கொலைக்கு! நம் தினசரிகளில் "மர்ம நபர்கள்" என்று வருமே, அதற்கு அண்ணன் முறை.

தமிழில் நாம் "கும்பல் கொலை" என்று மொழிபெயர்க்கிறோம். கும்பல் என்றதுமே பெயரில்லாத, முகமில்லாத, ஊரில்லாத ஏதோ ஒன்று மனதில் வருகிறது. அதே "மர்ம நபர்" வேலையைத்தான் இந்தச் சொல்லும் செய்கிறது. அதனால் தட்டச்சுக்காரி "லிஞ்சிங்" என்றே வைத்துக்கொண்டது எனக்குச் சரியாகப் படுகிறது. நான் பொதுவாக இப்படிச் சொல்கிற ஆள் இல்லை என்பது உங்களுக்குத் தெரியும்.


7. ரெண்டாம்_பெஞ்சு
திங்கள், காலை 8.02

சார், இது ஸ்க்ரீன்ஷாட் எடுத்து ஃப்ரேம் போட வேண்டிய விஷயம். ஒற்றுப்பிழை இங்கிலீஷ் வார்த்தையை ஆதரிச்ச நாள்.

வாய்தா சார், சட்டம் பத்தி சொன்னது புரிஞ்சுது. ஒத்துக்கறேன்.


8. கோடுகள்
திங்கள், மதியம் 1.15

நான் ஓவியம் சொல்லிக்கொடுக்கிறவன். என் பதில்: போடாதீர்கள். உடல்களைப் பார்த்துக் கண் கூசுகிற நேரத்தில் கீழே நிற்கிற கூட்டத்தை யாரும் கவனிப்பதில்லை. அந்தப் படத்தில் உண்மையான ஆதாரம் கீழ்ப்பாதிதான்.

இதை ரொம்ப முன்னாலேயே யோசித்தவர்கள் இருக்கிறார்கள். கென் கொன்சாலஸ்-டே என்ற கலைஞர் பழைய லிஞ்சிங் தபால் அட்டைகளை எடுத்து, உடலையும் கயிற்றையும் டிஜிட்டலாக அழித்துவிடுகிறார். மரம் இருக்கும், கூட்டம் இருக்கும், தொப்பி போட்ட ஆட்கள் அண்ணாந்து ஒன்றுமில்லாத இடத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். ஆமாம், தபால் அட்டை. கொலையைப் படம் பிடித்து, பின்னால் "நான் இடதுபக்கம் நிற்கிறேன்" என்கிற மாதிரி எழுதிச் சொந்தக்காரர்களுக்கு அனுப்பினார்கள்.

கெர்ரி ஜேம்ஸ் மார்ஷல் 2002-இல் செய்தது இன்னும் கூர்மை. நீங்கள் சொல்கிற அதே மரியன் படம். அதைக் கிட்டத்தட்டத் தெரியாத அளவுக்கு வெளிற வைத்துவிட்டு, கூட்டத்தில் இருந்து கேமராவைத் திரும்பிப் பார்க்கிற மூன்று பெண்களின் முகத்தை மட்டும் தனித்தனியாக எடுத்து, சங்கிலியில் தொங்குகிற லாக்கெட்டுக்குள் வைத்தார். பாட்டி காலத்து லாக்கெட்டில் குடும்பப் படம் இருக்குமே, அப்படி. தலைப்பு, பரம்பரை நகையும் உடன்வரும் அணிகலனும் என்கிற அர்த்தத்தில் வரும். "உடன்வரும் அணிகலன்" என்பதற்கான ஆங்கிலச் சொல்லுக்குக் குற்றத்துக்குத் துணை நின்றவர் என்ற வாடையும் உண்டு. மூன்று சங்கிலி, மூன்று முகம். பரம்பரைச் சொத்தாக எது கைமாறி வந்திருக்கிறது என்று அந்த வீட்டுப் பேரப்பிள்ளைகளைக் கேட்கிறார்.

இன்னொருவர் ஜேக்கப் லாரன்ஸ். 1940-41-இல், 23 வயதில், தெற்கிலிருந்து வடக்கே கறுப்பின மக்கள் இடம்பெயர்ந்த கதையை 60 சிறிய பலகைகளில் வரைந்தார். ஹார்லெம் நூலகத்தில் மாதக்கணக்கில் உட்கார்ந்து படித்துக் குறிப்பெடுத்துவிட்டு வரைந்தது. எனக்குப் பிடித்த விஷயம் அவர் வேலை செய்த விதம்: 60 பலகையையும் அறை முழுக்கப் பரப்பிவைத்து, ஒரு நிறத்தைக் கலந்தால் அந்த நிறம் வரவேண்டிய இடத்தையெல்லாம் எல்லாப் பலகையிலும் தீட்டிவிட்டுத்தான் அடுத்த நிறத்தைத் தொடுவார். அதனால் முதல் பலகையின் மஞ்சளும் அறுபதாவதன் மஞ்சளும் ஒரே மஞ்சள். என் மாணவர்களுக்கு இதைச் சொன்னால் நம்ப மாட்டார்கள்.

அதில் 15-வது பலகை லிஞ்சிங். என்ன இருக்கிறது தெரியுமா? இலையில்லாத ஒரு கிளை. காலியான சுருக்குக் கயிறு. கீழே கல் மேல் முதுகு வளைந்து உட்கார்ந்திருக்கிற ஒரு சிவப்பு உருவம். உடல் இல்லை. அதைத் திரையில் போடுங்கள், ப்ளஸ் டூ பிள்ளைகளும் பார்க்கலாம், நர்ஸ் அம்மாவும் பார்க்கலாம்.


9. சும்மா_கேட்பவன்
திங்கள், மாலை 5.48

படம் வேண்டாம், பாட்டு போடுங்கள். பிராங்ஸில் ஸ்கூல் வாத்தியாராக இருந்த ஏபெல் மீரோபோல் ஒரு லிஞ்சிங் புகைப்படத்தைப் பார்த்துவிட்டு எழுதிய "ஸ்ட்ரேஞ்ச் ஃப்ரூட்" என்ற கவிதை 1937-இல் ஆசிரியர் சங்கப் பத்திரிகையில் வந்தது. 1939-இல் ஜாஸ் பாடகி பில்லி ஹாலிடே அதை நியூயார்க்கின் கஃபே சொசைட்டி என்ற கிளப்பில் பாடினார். கடைசிப் பாட்டாகத்தான் பாடுவார். அதற்கு முன் வெயிட்டர்கள் ஆர்டர் எடுப்பதை நிறுத்த வேண்டும். விளக்கெல்லாம் அணையும். முகத்தில் மட்டும் ஒரு சின்ன வெளிச்சம். முடிந்ததும் இருட்டு. திரும்ப வந்து தலைகூட வணங்க மாட்டார்.

அவருடைய வழக்கமான கம்பெனி கொலம்பியா பதிவு செய்ய மறுத்ததால் கொமடோர் என்கிற சின்ன லேபிளில் வந்தது.

கச்சேரி கேட்கிறவனாக ஒன்று சொல்கிறேன். நம் சபாக்களில் தனி ஆவர்த்தனத்தின்போது கேன்டீனுக்கு எழுந்து போகிறோமே, அந்தக் கதவை அந்த அம்மா பாட ஆரம்பிக்கும் முன்பே பூட்டிவிட்டார். பாட்டு பாதி, அந்த ஏற்பாடு பாதி.


10. அட்லாண்டா_மாமா
செவ்வாய், அதிகாலை 4.30 (இங்கே திங்கள் சாயங்காலம்தான், தூக்கம் கெட்டவன் என்று நினைக்க வேண்டாம்)

இருபது வருஷமாக அட்லாண்டாவில் இருக்கிறேன். தட்டச்சுக்காரிம்மா, உங்களுக்குப் பயன்படுமா தெரியவில்லை, அலபாமா மாநிலம் மாண்ட்கோமரியில் லிஞ்சிங்கில் இறந்தவர்களுக்கு இருக்கும் நினைவிடத்துக்குப் போய்வந்ததைச் சொல்கிறேன்.

எங்கள் வீட்டிலிருந்து இரண்டரை மணி நேர டிரைவ். 2018 ஏப்ரலில் திறந்தார்கள். பிரயன் ஸ்டீவன்சன் என்ற வக்கீலின் அமைப்பு கட்டியது. 1877-இலிருந்து 1950 வரை 4,400 பேருக்கு மேல் லிஞ்சிங்கில் கொல்லப்பட்டதை அவர்கள் ஆவணப்படுத்தி இருக்கிறார்கள். கொலை நடந்த ஒவ்வொரு கவுன்ட்டிக்கும் (நம் மாவட்டம் மாதிரி) ஒரு இரும்புத் தூண், 800-க்கு மேல். தூணில் கவுன்ட்டி பெயர், கீழே ஆட்களின் பெயர், தேதி. பெயர் தெரியாதவர்களுக்கு "பெயர் தெரியவில்லை" என்றே பொறித்திருக்கிறது. துருப்பிடித்த நிறத்தில் இருக்கும் ஒரு வகை இரும்பு. மழை பெய்தால் அந்தத் துரு நிறம் தரையில் வழிகிறது. நான் போன அன்று தூறல்.

உள்ளே நுழையும்போது தூண்கள் ஆள் உயரத்தில் எதிரே நிற்கும். பெயரைக் கண்ணுக்கு நேராகப் படிக்கலாம். கொஞ்சம் நடந்தால் தரை மெல்ல இறங்க ஆரம்பிக்கிறது. தூண்கள் அதே மட்டத்தில் நிற்கின்றன. தூண்களுக்குக் கீழே அஸ்திவாரமே இல்லை, மேலிருந்து தொங்குகின்றன என்பது அப்போதுதான் தெரியும். கடைசியில் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நிற்பீர்கள். உங்கள் படத்தில் கூட்டம் நிற்கிற அதே இடத்தில். எனக்கு அது உறைக்க ஒரு நிமிஷம் ஆனது. அப்புறம் சுவரோரம் போய் நின்றுகொண்டேன்.

சுவரில் சின்னச் சின்னப் பலகைகள். ஒரு ஆள், ஒரு காரணம். எலிசபெத் லாரன்ஸ், பர்மிங்ஹாம், 1933: தன் மேல் கல்லெறிந்த வெள்ளைக் குழந்தைகளைக் கண்டித்ததற்காக. ஜெஸ்ஸி தார்ன்டன், லுவெர்ன், அலபாமா, 1940: ஒரு வெள்ளைப் போலீஸ்காரரின் பெயருக்கு முன்னால் "மிஸ்டர்" போடாததற்காக.

மிஸ்டர் போடாததற்கு. எங்கள் ஊரில் யாரை "ங்க" போட்டுப் பேசணும், யார் நம்மை "டா" போடுவார்கள் என்று பார்த்துப் பார்த்துத்தான் நான் வளர்ந்தேன். அந்தப் பலகையிலிருந்து நகர முடியவில்லை.

வெளியே இன்னொரு வரிசை உண்டு. அதே தூண்களின் நகல்கள், பெட்டி மாதிரிப் படுத்துக் கிடக்கின்றன. அந்தந்த கவுன்ட்டிக்காரர்கள் வந்து எடுத்துப்போய்த் தங்கள் ஊரில் நட வேண்டும் என்பது ஏற்பாடு. யார் எடுக்கவில்லை என்பது கிடப்பதைப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

அங்கே நான் சுற்றிய மட்டும் உடல்களின் புகைப்படம் கண்ணில் படவில்லை. எனக்குக் குறையாகவும் தெரியவில்லை.


11. ரெண்டாம்_பெஞ்சு
செவ்வாய், காலை 7.55

மாமா, நல்லா எழுதியிருக்கீங்க. ஆனா கோடுகள், மாமா ரெண்டு பேருக்கும் ஒரு கேள்வி. எம்மெட் டில் அம்மா என்ன பண்ணாங்க? 1955-ல 14 வயசுப் பையன், சிகாகோலேர்ந்து மிசிசிப்பிக்கு லீவுக்குப் போனவன். அடிச்சுக் கொன்னு ஆத்துல போட்டாங்க. முகமே இல்ல. அம்மா சவப்பெட்டியைத் திறந்து வைக்கச் சொன்னாங்க. ஆயிரக்கணக்கான பேர் வந்து பார்த்தாங்க. ஜெட் பத்திரிகைல படம் வந்துச்சு. கொன்னவங்க ரெண்டு பேரையும் முழுக்க வெள்ளைக்கார ஜூரி ஒரு மணி நேரத்துல விடுதலை பண்ணுச்சு. அப்புறம் அவங்களே காசு வாங்கிக்கிட்டுப் பத்திரிகைக்குக் கொலையை ஒத்துக்கிட்டாங்க. அந்தப் படம்தான் ஒரு தலைமுறையையே தெருவுக்குக் கொண்டு வந்துச்சு. "உடலைக் காட்டாதே"ன்னு அந்த அம்மாகிட்ட போய் சொல்வீங்களா?


12. கோடுகள்
செவ்வாய், காலை 9.10

சொல்ல மாட்டேன். அது அவர் மகன். காட்டச் சொன்னது அவர்.

2017-இல் விட்னி மியூசியத்தில் இதே சண்டை வந்தது. டேனா ஷுட்ஸ் என்ற வெள்ளை இன ஓவியர் அந்தச் சவப்பெட்டிக் காட்சியை அரூபச் சாயலில் வரைந்து வைத்தார். பார்க்கர் பிரைட் என்ற கறுப்பினக் கலைஞர் முதுகைக் காட்டியபடி ஓவியத்துக்கு முன்னால் போய் நின்று மறைத்தார். படத்தை அழிக்கவே வேண்டும் என்று பகிரங்கக் கடிதம் வந்தது. அழிப்பதில் எனக்கு உடன்பாடில்லை. ஆனால் அந்த ஓவியம் சுமார்தான். தாய் எடுத்த முடிவை ஷுட்ஸின் தூரிகை அழகாக்கிவிட்டது. இது என் தொழில்முறை வயிற்றெரிச்சலாகவும் இருக்கலாம்.

மரியன் படத்தில் காட்டச் சொன்னது யார்? விற்றவர்.


13. யாழ்தேவி
செவ்வாய், இரவு 8.35

நான் கனநாளா வாசிக்கிறன், எழுதுறதில்லை.

2009-இல எங்கட சனத்தின்ர உடல்களின்ர படங்கள் இணையம் முழுக்க ஓடினது. நான் அப்ப டொரொன்டோவில. ஒவ்வொரு படத்தையும் பெரிசாக்கிப் பெரிசாக்கிப் பாத்தனான், ஆரும் தெரிஞ்ச ஆக்களோ எண்டு. எங்களுக்கு அது தேவையாயிருந்தது. பிறகு அதே படங்களைத் துண்டுப் பிரசுரத்தில, மேடைப் பின்திரையில, ஒரு கலண்டரிலகூடப் போட்டாங்கள். பேர் இல்லை, ஊர் இல்லை. உடல் மட்டும்.

காட்டுறதோ விடுறதோ உங்கட விருப்பம் தங்கச்சி. காட்டினா அந்த ரெண்டு பொடியளின்ர பேரையும் முதல்ல சொல்லுங்கோ. நீங்கள் முதல் பதிவிலேயே சொல்லியிருக்கிறியள், அதாலதான் எழுத வந்தனான்.


14. தட்டச்சுக்காரி
செவ்வாய், இரவு 9.20

அக்கா, நன்றி. வேறென்ன சொல்வதென்று தெரியவில்லை.

அன்றிரவு மூன்றாவதாக ஒரு பையனையும் இழுத்து வந்தார்கள், ஜேம்ஸ் கேமரன், 16 வயது. கழுத்தில் கயிறு மாட்டியபின் உயிர் தப்பினார். மூவர் மேலும் போலீஸ் சுமத்தியிருந்த கொலை வழக்கில் உடந்தை என்று அவருக்குத்தான் சிறை. 1988-இல் மில்வாக்கியில் தானே ஒரு அருங்காட்சியகம் தொடங்கினார். பிற்பாடு இந்தியானா ஆளுநர் அவருக்கு மன்னிப்பு வழங்கினார். அவர் பெயரையும் சேர்த்துச் சொல்கிறேன்.


15. வாய்தா
புதன், காலை 6.50

பெஞ்சு, படம் பார்த்தால் உறைக்கும் என்கிறீர்கள். கோர்ட்டில் உறைத்ததா என்று பாருங்கள்.

1991 மார்ச் 3, லாஸ் ஏஞ்சலஸ். ராட்னி கிங் என்ற கறுப்பினத்தவரைப் போலீசார் சுற்றி நின்று தடியால் அடிப்பதை ஒருவர் வீட்டு பால்கனியிலிருந்து வீடியோ எடுத்தார். உலகமே பார்த்தது. 1992 ஏப்ரலில் ஜூரி என்ன சொன்னது? நான்கு போலீசார், ஒருவர் மேல் ஒரே ஒரு குற்றச்சாட்டில் முடிவுக்கு வர முடியவில்லை, மற்றதெல்லாம் விடுதலை. ஊர் பற்றி எரிந்தது.

எப்படி முடிந்தது? சார்ல்ஸ் குட்வின் என்ற மொழியியல்-மானுடவியல் ஆய்வாளர் 1994-இல் ஒரு கட்டுரை எழுதினார். குற்றம் சாட்டப்பட்ட போலீசாரின் வக்கீல்கள் அந்த வீடியோவை மறைக்கவில்லை. இன்னும் அதிகமாகக் காட்டினார்கள். ஃப்ரேம் ஃப்ரேமாக நிறுத்தி, போலீஸ் நிபுணர் ஒருவரைக் கூண்டில் ஏற்றி, "இங்கே இடுப்பு சற்று உயர்கிறது பாருங்கள், இது எதிர்ப்பு, அதனால் பலம் ஒரு படி கூடுகிறது, இங்கே தணிகிறது, பலமும் தணிகிறது" என்று பாடம் எடுக்க வைத்தார்கள். தரையில் துடிக்கிற உடல் தாக்க வருகிற உடலாக மாறியது. ஜூரியின் கண் அடிக்கிறவன் மேலிருந்து அடிபடுகிறவன் மேல் திருப்பப்பட்டது. பார்ப்பது என்பதே பயிற்சி, அந்தப் பயிற்சியை யார் கொடுக்கிறார் என்பதுதான் வழக்கு என்று காட்டினார் குட்வின். வக்கீல் தொழிலில் இருக்கிறவனுக்கு வயிற்றைக் கலக்குகிற கட்டுரை. நாங்கள் தினமும் செய்வது அதுதான்.

2020-இல் மினியாபொலிஸில் டார்னெல்லா ஃப்ரேஸியர் என்ற 17 வயதுப் பெண் எடுத்த வீடியோ, ஜார்ஜ் ஃப்ளாய்டின் கழுத்தில் போலீஸ்காரரின் முழங்கால் 9 நிமிடம் 29 விநாடி, அது தண்டனை வாங்கிக் கொடுத்தது. முதலில் போலீஸ் வெளியிட்ட அறிக்கையில் அவர் உடல்நலக் கோளாறால் இறந்ததாகத்தான் இருந்தது. ஆகப் படம் தேவை இல்லை என்று நான் சொல்லவில்லை. படம் தானாகப் பேசாது என்கிறேன்.


16. ஒற்றுப்பிழை
புதன், காலை 7.30

"திருப்பப்பட்டது." யாரால்? (சும்மா.)


17. வாய்தா
புதன், காலை 7.41

எங்களால்.


18. நூலகத்துப்_பூனை
புதன், பகல் 12.25

எல்லாரும் படம், பாட்டு என்கிறீர்கள். கணக்கைப் பற்றி யாரும் பேசவில்லையே. கல்லூரி நூலகத்தில் வேலை, அதனால் அட்டவணைகள் மேல் ஒரு தனிப் பாசம்.

ஐடா பி. வெல்ஸ். அடிமையாகப் பிறந்தவர் (1862, மிசிசிப்பி). மெம்பிஸில் பத்திரிகை நடத்தினார். 1892-இல் அவர் நண்பர் தாமஸ் மாஸ், மேலும் இருவர், மூன்று பேரையும் சிறையிலிருந்து இழுத்துப்போய்ச் சுட்டுக் கொன்றார்கள். அவர்கள் வைத்திருந்த மளிகைக் கடை, பக்கத்து வெள்ளைக்காரர் மளிகைக் கடையின் வியாபாரத்தைக் கெடுத்தது, அதுதான் பின்னணி. "பெண்களைக் கெடுக்கிறவர்களைத்தான் லிஞ்சிங் செய்கிறார்கள்" என்று அதுவரை ஊர் சொல்லிக்கொண்டிருந்த கதையை வெல்ஸ் எண்ணிப் பார்த்தார். 728 கொலைகள். பாலியல் குற்றச்சாட்டே சுமத்தப்பட்டவை மூன்றில் ஒரு பங்குதான். முக்கியமான தந்திரம் எங்கே என்றால், எண்களை அவர் வெள்ளையர் பத்திரிகைகளிலிருந்தே எடுத்தார். மிகைப்படுத்துகிறாள் என்று யாரும் வாய் திறக்க முடியாது. அந்தக் கதையைத் தன் பத்திரிகையில் மறுத்ததற்காக அவர் அச்சகத்தை உடைத்தார்கள், ஊர் திரும்பினால் உயிர் இருக்காது என்றார்கள். புலிட்சர் கௌரவம் 2020-இல் வந்தது. அவர் இறந்து 89 வருஷம் கழித்து.

வாய்தா சொன்ன சாம் ஹோஸ் கதைக்கு ஒரு பின்பாதி உண்டு. அப்போது அட்லாண்டா பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்தவர் டபிள்யூ. இ. பி. டு பாய்ஸ். நிதானமாக ஒரு கடிதம் எழுதி எடுத்துக்கொண்டு, பத்திரிகை அலுவலகத்துக்கு நடந்து போகிறார். வழியில் யாரோ சொல்கிறார்கள்: ஹோஸின் விரல் மூட்டுகள் அதோ அந்தத் தெருவில் ஒரு மளிகைக் கடையில் காட்சிக்கு இருக்கின்றன. டு பாய்ஸ் அப்படியே திரும்பி வீட்டுக்கு வந்துவிட்டார். மனிதர்கள் இப்படிச் சாகும்போது ஆற அமர ஆராய்ச்சி செய்துகொண்டிருக்க முடியாது என்று தோன்றியதாகப் பின்னாளில் எழுதினார்.

ஆனால் அடுத்த வருஷமே, 1900 பாரிஸ் கண்காட்சிக்கு, மாணவர்களோடு உட்கார்ந்து கையால் வரைந்த அறுபது சொச்சம் வரைபடங்களைக் கொண்டுபோனார். சொத்து, படிப்பு, தொழில், மக்கள்தொகை எல்லாம் சிவப்பு, மஞ்சள், பச்சை, கறுப்பில். சுருள், விசிறி வடிவமெல்லாம் உண்டு. தங்கப் பதக்கம் வாங்கியது. ஒரு வரைபடம் மனதில் நிற்கும்: 1790-இலிருந்து 1870 வரை, அடிமைகள் எத்தனை பங்கு, சுதந்திரமானவர்கள் எத்தனை பங்கு. தாள் முழுக்கக் கறுப்பு. மேல் ஓரத்தில் நூலிழையாகப் பச்சை, அதுதான் சுதந்திரம். கடைசி ஓரத்தில் கறுப்பு சட்டென்று பள்ளத்தில் விழ, பச்சை அடிவரை இறங்குகிறது.

உங்கள் புரொஜெக்டர் பச்சையைத் தூக்கலாகக் காட்டும் என்றீர்களே. இந்த ஒரு ஸ்லைடுக்கு அது குறை இல்லை.


19. வாய்தா
புதன், பகல் 1.02

பூனை, அந்த டு பாய்ஸுக்கு 1946-இல் அம்பேத்கர் கடிதம் எழுதினார். கறுப்பின மக்களின் நிலை பற்றி ஐ.நா.வுக்கு அனுப்பிய மனுவின் பிரதி கேட்டு. டு பாய்ஸ் பதிலும் போட்டார். தட்டச்சுக்காரி, கூட்டத்தில் "இதெல்லாம் நமக்கெதுக்கு" என்று யாராவது கேட்டால் கையில் இருக்கட்டும்.


20. சும்மா_கேட்பவன்
புதன், மாலை 6.15

பூனை எழுதியதைப் படித்ததும் நினைவுக்கு வந்தது. 1930-களில் நியூயார்க்கில் கறுப்பின உரிமைச் சங்கமான என்.ஏ.ஏ.சி.பி. தன் ஐந்தாம் அவென்யூ ஆபீஸ் ஜன்னலில் ஒரு கொடி தொங்கவிடும். கறுப்புத் துணி, வெள்ளை எழுத்து: "நேற்று ஒரு மனிதன் லிஞ்சிங் செய்யப்பட்டான்." ஒவ்வொரு கொலைச் செய்தி வந்ததும் வெளியே தொங்கும். 2015-இல் ட்ரெட் ஸ்காட் என்ற கலைஞர் அதே கொடியைத் திரும்பச் செய்து ஒரே ஒரு சொல் சேர்த்தார்: "போலீசால்".


21. ஒற்றுப்பிழை
புதன், மாலை 6.40

அதைத்தான் நான் மூன்று நாளாகச் சொல்ல முயன்றுகொண்டிருக்கிறேன். மூன்றாம் வேற்றுமை உருபு. ஆல்.


22. தட்டச்சுக்காரி
பதினெட்டு நாள் கழித்து, ஞாயிறு இரவு 8.50

கூட்டம் இன்று முடிந்தது. வந்தவர்கள் பத்தொன்பது.

மூன்று பெயர்களில் ஆரம்பித்தேன். திரையில் லாரன்ஸின் 15-வது பலகை, பிறகு பச்சைக் கோடு வரைபடம் (பூனை, பச்சை சும்மா ஜொலித்தது). மாமாவின் பதிவை அச்செடுத்து ப்ளஸ் டூ பையன் வாசித்தான். மிஸ்டர் வந்த இடத்தில் ஒரு நொடி நிறுத்தினான், நான் சொல்லித்தரவில்லை. விளக்கை அணைத்துப் பாட்டு போட்டபோது பக்கத்து வீட்டு மிக்சி ஓடியது, அதற்கு நான் ஒன்றும் செய்ய முடியாது.

மரியன் படத்தைத் திரையில் போடவில்லை. ஏ4 அளவில் பிரிண்ட் எடுத்து, மேல்பாதியை அட்டையால் மூடி, பின்பக்க மேஜையில் வைத்தேன். கூட்டம் தெரியும். உடல்கள் தெரியாது. வேண்டியவர்கள் தூக்கிப் பார்க்கலாம் என்றேன். ஏழு பேர் தூக்கினார்கள்.

நர்ஸ் அம்மா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு தூக்கிப் பார்த்தார், கொஞ்ச நேரம். திரும்ப மூடிவிட்டு, கையை நீட்டி நிற்கிற அந்த ஆளின் மேல் விரலை வைத்து, "இவனைப் பிடிச்சாங்களா?" என்றார். யாரையுமே தண்டிக்கவில்லை என்றேன். "படம் கையில இருந்துமா?" என்றார். வாய்தா சாரின் வீடியோ கதையைச் சொன்னேன். அவர் அதற்குப் பதில் சொல்லவில்லை. போகும்போது அந்த பிரிண்ட்டை என்ன செய்யப்போகிறாய் என்று கேட்டார். இன்னும் என் பையில்தான் இருக்கிறது.


23. கோடுகள்
ஞாயிறு, இரவு 9.15

நன்றாகச் செய்தீர்கள், ஒன்றைத் தவிர. மூடி வைத்தால் தூக்கிப் பார்க்கத்தான் தோன்றும். அட்டை போட்டது அதை ஒரு ரகசியமாக்கிவிட்டது. நானாக இருந்தால் கீழ்ப்பாதியை மட்டும் வெட்டி எடுத்து வைத்திருப்பேன்.


24. யாழ்தேவி
ஞாயிறு, இரவு 9.30

வெட்டினா அந்தப் பொடியள் ரெண்டாந்தரமும் இல்லாமல் போயிருப்பினம். அட்டை சரி.


25. ரெண்டாம்_பெஞ்சு
ஞாயிறு, இரவு 9.34

நான் பெரிசாப் போடச் சொன்ன ஆளு. ஏழு பேர்னு படிச்சதும், நானா இருந்தா தூக்கியிருப்பேனான்னு யோசிச்சுட்டு இருக்கேன்.

அடுத்த மாசம் என்ன தலைப்பு?


26. தட்டச்சுக்காரி
ஞாயிறு, இரவு 9.41

டு பாய்ஸின் வரைபடங்கள்தான், முழுக் கூட்டமும். எங்கள் ஊர்க் கணக்கு எதையாவது எடுத்து நாமே கையால் வரைந்து பார்ப்போம் என்று அந்த ப்ளஸ் டூ பெண் சொன்னாள். எந்தக் கணக்கு என்பதில் இப்போதே வாட்சப்பில் சண்டை. எல்லாரையும் ஸ்கேலும் கலர் பென்சிலும் கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன்.